வயதின் வலி என்று விட்டுவிடலாமா?

(மருத்துவமனை ஆதரவாளர் கூடுகையில் போதகர் ஆற்றிய உரையின் சுருக்கம்)



முதியோரின் படுக்கையருகே அமர்ந்து ஜெபிப்பது எங்கள் பணி. "ஐயா, கால் எலும்பு குடைகிறது, இரவில் தூக்கமில்லை" என்பார்கள். "வயதானால் வருவதுதான், பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று நாங்களும் சொன்னதுண்டு. அந்த ஆறுதல் எப்போதும் சரியல்ல என்பதை மருத்துவர்களிடம் கற்றுக்கொண்டோம்.

எலும்பு உயிருள்ளது. பழைய எலும்பைக் கரைக்கும் செல்களும் புதியதைக் கட்டும் செல்களும் நம் உடலில் ஓயாமல் வேலை செய்கின்றன. பேஜெட் நோயில் ஒன்றிரண்டு எலும்புகளில் மட்டும் கரைப்பது மிஞ்சிப்போகிறது. கட்டுவதும் அவசரக் கட்டுமானமாகிறது. அவசரத்தில் எழுப்பிய சுவரைப்போல எலும்பு பருத்திருக்கும், பலமிராது. உடலெங்கும் எலும்பு மெலியும் ஆஸ்டியோபோரோசிஸ் வேறு, இது வேறு.

இலண்டன் அறுவை மருத்துவர் சர் ஜேம்ஸ் பேஜெட் 1877-இல் இதை விவரித்து எழுதினார். ஏறத்தாழ 20 ஆண்டுகள் அவர் கவனித்த ஒருவருக்குக் கால்கள் வளைந்தன; தலை பெருத்ததால் தொப்பியையும் பெரிதாக மாற்ற வேண்டியதாயிற்று.

பிரிட்டனில் அதிகமாகவும் இந்தியாவில் அரிதாகவும் காணப்படும் நோய் இது. எனினும் தென்னிந்தியாவிலும் கண்டறியப்பட்டுள்ளது. அரிதென்பதாலேயே கவனிக்கப்படாமல் போகக்கூடும். பலருக்கு அறிகுறியே இராது. சிலருக்கு இடுப்பு, முதுகு, தொடை, கணைக்கால் எலும்புகளில் ஓய்விலும் தீராத வலி இருக்கும், கால் வளையும், மண்டையோடு பாதிக்கப்பட்டால் காது மந்தமாகலாம். இரத்தத்தில் ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் அளவும் எக்ஸ்ரேயும் பெரும்பாலும் உண்மையைக் காட்டிவிடும்.

சிகிச்சை உண்டு. சோலெட்ரானிக் ஆசிட் 5 மில்லிகிராம் மருந்தை ஒருமுறை இரத்தக்குழாய் வழியாக ஏற்றினால், பலருக்கு நோய் ஆண்டுக்கணக்கில் அடங்கியிருக்கும். அதற்குமுன் சிறுநீரகம், கால்சியம், வைட்டமின் டி ஆகியவற்றைப் பரிசோதிப்பார்கள். ஆனால் வளைந்த எலும்பை மருந்து நிமிர்த்தாது. இழந்த செவித்திறனையும் பெரும்பாலும் திருப்பித் தராது. ஆகவே தாமதம்தான் இழப்பு. மிக அரிதாக அவ்வெலும்பில் புற்றுநோயும் தோன்றுவதால், திடீரென அதிகரிக்கும் வலியை அசட்டை செய்யலாகாது.

உங்கள் வீட்டுப் பெரியவர் எலும்பு வலிக்கிறது என்றால், எங்கே, எப்போது என்று விசாரியுங்கள். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். நாங்களும் இப்போது முதலில் அதைக் கேட்கிறோம், பிறகே ஜெபிக்கிறோம்.