நாடு கடந்த சரித்திராசிரியர்



சரித்திரம் என்றால் எந்த ராஜா எப்போது பட்டத்துக்கு வந்தான், எத்தனை பெண்டாட்டி கட்டினான் என்று நெட்டுருப் போடுவதுதான் என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். ஆளுகிறவன் சொல்லுவது மெய்யா பொய்யா என்று கணக்குக் கேட்பதே சரித்திரம் என்று நடந்து காட்டியவர் இத்தாலி தேசத்து கயெட்டானோ சால்வெமினி ஆவார்.

அவர் 1873-ல் தெற்கு இத்தாலியில் மொல்பெட்டா என்னும் ஊரில் எளிய குடும்பத்தில் பிறந்தவர். அந்தப் பக்கத்துக் குடியானவர்களில் பெரும்பாலோர் எழுத்தறியாதவர்கள். "கையெழுத்துப் போடத் தெரியாதவனுக்கு ஓட்டு எதற்கு?" என்பது படித்த கூட்டத்தின் கேள்வி. ஓட்டில்லாதவன் ஊருக்குப் பள்ளிக்கூடம் வைக்க எவன் வருவான்? எல்லோருக்கும் ஓட்டு வேண்டுமென்று சால்வெமினி ஓயாமல் வாதாடினார். 1912 சட்டத்தினால் ஆண்களில் பெரும்பாலோருக்கு ஓட்டுரிமை வந்தது. பெண்களுக்கோ 1945 வரை அதுவும் இல்லை.

1908 டிசம்பர் 28-ந் தேதி மெசினா நகரத்தில் பூகம்பம் ஏற்பட்டது. அதில் அவருடைய மனைவியும், ஐந்து குழந்தைகளும், சகோதரியும் மாண்டார்கள். அவர் ஒருவர் மாத்திரமே பிழைத்தார். அப்படியிருந்தும் தலைவிதி என்று மூலையில் உட்கார்ந்துவிடவில்லை, பொதுவேலையிலேயே நின்றார்.

1922-ல் முசோலினி அதிகாரத்துக்கு வந்தான். 1924-ல் அவனை எதிர்த்துப் பேசிய மத்தேயோத்தி என்ற சட்டசபை அங்கத்தினரைக் கொன்றார்கள். 1925-ல் சால்வெமினியும் நண்பர்களும் பிளாரன்ஸ் நகரில் ரகசியப் பத்திரிகை நடத்தினார்கள். அவரைப் பிடித்துச் சிறையில் போட்டார்கள். வெளிவந்ததும் நாட்டைவிட்டு வெளியேறி, அங்கிருந்தே சர்வகலாசாலை உத்தியோகத்தை ராஜிநாமாச் செய்தார். சுதந்திரமில்லாத இடத்தில் சரித்திரம் கற்பிப்பது மானமுள்ள வேலையல்ல என்பதே அவர் கட்சி. 1926-ல் பிரஜா உரிமையையும் பறித்தார்கள்.

தோழர்களே! அயல்நாட்டில் அவர் வைதுகொண்டு காலங்கழிக்கவில்லை. முதலாளியும் தொழிலாளியும் பாசிச ஆட்சியில் சமமாய் வாழுகிறார்கள் என்று உலகமெல்லாம் தமுக்கடித்தார்களே, அதை அவர்களுடைய சர்க்கார் பத்திரங்களையும் பத்திரிகைகளையும் கொண்டே சோதித்தார். வேலைநிறுத்தத்துக்குத் தடை, சங்கத் தலைவர்கள் மேலிருந்து நியமனம், கூலியோ குறைப்பு. இவற்றை 1936-ல் புத்தகமாக வெளியிட்டார்.

அமெரிக்காவில் ஹார்வர்டில் 1948 வரை போதித்து, 1949-ல் பிளாரன்ஸ் திரும்பி மறுபடி பாடம் நடத்தினார். 1957-ல் காலமானார். முசோலினியோ 1945-லேயே தன் நாட்டாராலேயே சுட்டுக் கொல்லப்பட்டான்.

ஆகவே தோழர்களே, எவ்வளவு பெரிய மனிதன் சொன்னாலும் "ருசு எங்கே?" என்று கேளுங்கள். அப்படிக் கேட்பவன் இல்லாத ஊரில்தான் சர்வாதிகாரி பிறக்கிறான் என்று சொல்லி என் பேச்சை முடித்துக்கொள்ளுகிறேன்.