மலைச் சாலையும் பிரேக் எண்ணெயும்

மேற்குத் தொடர்ச்சி மலை தமிழகத்தையும் கேரளத்தையும் பிரித்து நிற்கிறது என்பது நில நூலார் கூற்று. மலையின் இரு மருங்கிலும் வாழும் நம்மவர்க்கோ அது நாள்தோறும் ஏறி இறங்கும் படிக்கட்டு. பாலக்காட்டுக் கணவாய் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலம் திறந்து கிடப்பதால், வாளையாற்றைக் கடந்து வரும் வண்டிக்கு அங்கே மலை என்ற உணர்வே தோன்றாது. ஆயின் நெல்லியாம்பதித் தோட்டங்களுக்கோ அட்டப்பாடிக்கோ செல்வோர் சுரம் ஏறியே ஆகவேண்டும். இடுக்கிப் பக்கத்திலோ குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு ஆகிய வழிகள் யாவும் செங்குத்தான மலைச் சாலைகள். போடிமெட்டுச் சாலையில் மட்டும் 17 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. தேனி மாவட்டத்திலிருந்து ஏலத் தோட்டங்களுக்குச் செல்லும் பெண்கள் விடியலில் ஜீப்பில் ஏறி, மாலையில் அதே ஜீப்பில் இறங்குகின்றனர். அவர்கள் வீடு திரும்புவதற்குப் பிணை நிற்பது, ஒரு சிறு புட்டியளவு திரவம். அதனைப் பற்றியே இன்று பேசக் கருதுகிறோம்.

ஓட்டுநரும் பட்டறைக்காரரும் அதனைப் 'பிரேக் ஆயில்' என்று அழைப்பர். பெயர் பழையது, அதற்குக் காரணமும் உண்டு. திரவ அழுத்தத்தால் இயங்கும் பிரேக், மோட்டார் வண்டிகளுக்கு வந்த தொடக்க காலத்தில், ஆமணக்கெண்ணெயையும் ஆல்கஹாலையும் கலந்தே அதில் ஊற்றினார்கள். ஆமணக்கெண்ணெய் ரப்பரைக் கெடுப்பதில்லை என்பதை அக்காலத்துப் பொறியாளர் கண்டிருந்தனர். இன்று பெரும்பாலான வண்டிகளில் உள்ள பிரேக் திரவமோ கிளைக்கால் வகையைச் சார்ந்த இரசாயனக் கலவை. அதில் எண்ணெய்ப் பசை என்று சொல்லத்தக்கது ஏதுமில்லை. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. பெயரை நம்பி எஞ்சின் எண்ணெயையோ ஸ்டியரிங் எண்ணெயையோ அதில் ஊற்றுவோர் இன்றும் உளர். அதனால் விளையும் கேடு சிறிதன்று.

அக்கேடு எவ்வாறு நேர்கிறது? திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால் அவ்வழுத்தம் எல்லாத் திசையிலும் சமமாகப் பரவும் என்பது, 17-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் கண்ட உண்மை. ஓட்டுநர் பெடலை மிதிக்கும்போது மாஸ்டர் சிலிண்டரில் உள்ள திரவம் அழுத்தப்படுகிறது. அழுத்தம் குழாய்களின் வழியே நான்கு சக்கரங்களுக்கும் செல்கிறது. திரவம் கசியாமல் காப்பவை சிறு சிறு ரப்பர் கிண்ணங்கள். மண்ணெண்ணெயில் கிடந்த ரப்பர் துண்டு உப்பிப் பருத்து வலுவிழப்பதை நம் இல்லங்களில் கண்டிருப்போம். பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் எண்ணெய் பிரேக்கின் ரப்பருக்குச் செய்வதும் அதுவே. ரப்பர் உப்பினால் பிரேக் பிடித்த பிடி விடாது. நைந்து கிழிந்தால் பிடிக்கவே பிடிக்காது. ஆகவே திரவமும் ரப்பரும் ஒன்றுக்கொன்று பொருந்திய இணை என்று கொள்ளவேண்டும். ஒன்றை மாற்றினால் மற்றொன்று தாங்காது.

இவ்வுண்மையைப் பெரிய அளவில் உலகுக்குக் காட்டியது ஒரு பிரெஞ்சு வண்டி. சித்ரோவன் நிறுவனம் 1955-ஆம் ஆண்டில் பாரிஸ் கண்காட்சியில் டி.எஸ். என்னும் காரை அறிமுகம் செய்தது. எஃகு வில்லுக்கு மாறாக, நைட்ரஜன் வாயு அடைத்த உருண்டைகளும் அழுத்தத்தில் உள்ள திரவமும் அவ்வண்டியைத் தாங்கின. பாரம் ஏறினாலும் இறங்கினாலும் வண்டி தன் உயரத்தைத் தானே சரிசெய்துகொள்ளும். பிரேக்கும் ஸ்டியரிங்கும் அதே திரவத்தால் இயங்கின. தொடக்கத்தில் அதற்குச் சிவப்பு நிறத் திரவம் ஊற்றப்பட்டது. அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும் தன்மையது. உள்ளுறுப்புகளில் துரு ஏறியது. எனவே 1966-ஆம் ஆண்டில் ஈரத்தை ஏற்காத பச்சை நிறக் கனிம எண்ணெய்க்கு மாறினார்கள். அதனுடன் ரப்பர் உறுப்புகள் அனைத்தையும் மாற்றவேண்டியிருந்தது. பச்சைத் திரவத்துக்குரிய உறுப்புகளுக்குப் பச்சை வண்ணமே பூசி அடையாளம் வைத்தனர். பழைய வண்டியில் பச்சையை ஊற்றினாலும், புதிய வண்டியில் சிவப்பை ஊற்றினாலும் ரப்பர் கெடும். மெர்சிடிஸ் நிறுவனம் 1999-ஆம் ஆண்டில் கொண்டுவந்த, கணிப்பொறி ஆளும் சஸ்பென்ஷனுக்கும் அதற்கென வகுத்த எண்ணெயே வேண்டும்; பிரேக் திரவம் ஆகாது. விலையுயர்ந்த காருக்கும் தோட்டத்து ஜீப்புக்கும் விதி ஒன்றே.

இனி நம் மலைச் சாலைக்கு வருவோம். போடிமெட்டிலிருந்து போடிநாயக்கனூர் வரை இறக்கம் ஏறத்தாழ 1000 மீட்டர். ஆட்களோடு 2000 கிலோகிராம் எடையுள்ள ஜீப் அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் முழுவதும் வெப்பமானால், 60 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். எஞ்சினும் காற்றும் ஒரு பங்கை ஏற்கும். எஞ்சியதைப் பிரேக்கே தாங்கவேண்டும். அவ்வெப்பம் சக்கரத்தருகே உள்ள திரவத்தையும் தாக்குகிறது. திரவம் கொதித்தால் ஆவிக் குமிழிகள் தோன்றும். திரவம் அழுத்தத்துக்குச் சுருங்காது, ஆவியோ சுருங்கும். அந்நிலையில் பெடலை மிதித்தால் அது தரைவரை செல்லும், வண்டி நிற்காது. கொடுமை என்னவெனில், வண்டி ஆறியபின் ஆவி மீண்டும் திரவமாகிவிடும். பெடலும் பழையபடி உறுதியாக நிற்கும். சமதளத்தில் ஓட்டிப் பார்க்கும் பட்டறைக்காரர் குறை ஏதும் காணமாட்டார்.

ஆகையால் திரவத்தின் கொதிநிலையே முதற்கண் நோக்கத்தக்கது. புட்டியின்மேல் டாட் 3, டாட் 4 என்று பொறித்திருப்பதைக் காணலாம். புதிய டாட் 3 திரவம் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதியாது. டாட் 4 குறைந்தது 230 டிகிரி வரை தாங்கும். ஆனால் இவ்விரண்டும் காற்றின் ஈரத்தைச் சிறுகச் சிறுக உறிஞ்சுவன. நூற்றுக்கு நான்கு பங்குக்கும் குறைவான நீர் சேர்ந்த அளவிலேயே, டாட் 3-இன் கொதிநிலைக்கு உறுதி 140 டிகிரியாகவும், டாட் 4-க்கு 155 டிகிரியாகவும் தாழ்ந்துவிடுகிறது. தென்மேற்குப் பருவமழையில் மாதக்கணக்கில் ஈரம் சூழ்ந்திருக்கும் இடுக்கியில் இதனை மறத்தல் ஆகாது. அளவு குறையாமல் தொட்டி நிறைந்திருப்பதே போதும் என்று எண்ணுவது பிழை. நிறைந்த தொட்டியிலும் பழைய திரவம் நீர் கலந்ததாக இருக்கலாம்.

செய்யத்தக்கவை யாவை? வண்டியின் திரவத் தொட்டி மூடியில் எந்த எண் பொறித்திருக்கிறதோ அதனையே வாங்குக. எழுத்து ஆங்கிலத்தில் இருப்பினும் எண் எவர்க்கும் விளங்கும். டாட் 5 என்பது சிலிக்கோன் வகை, டாட் 5.1 என்பதோ கிளைக்கால் வகை. எண்கள் அடுத்தடுத்து இருப்பதால் இரண்டும் உறவு என மயங்கற்க, கலக்கவும் கூடாது. முத்திரை உடையாத சிறு புட்டியாக வாங்குக. திறந்து பல நாள் கிடந்ததை மலை வண்டிக்கு ஊற்றற்க. இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறையேனும் பழையதை முற்றும் வெளியேற்றிப் புதியதை நிரப்புக. கையிலிருப்பது கனிம எண்ணெயோ என ஐயம் எழுந்தால், ஒரு துளியை நீரில் விட்டுப் பார்க்கலாம். கிளைக்கால் திரவம் நீரோடு கரையும், எண்ணெய் மிதக்கும். இது வகையைக் காட்டுமேயன்றித் தரத்தைக் காட்டாது. தவறான எண்ணெய் ஊற்றப்பட்டது தெரிந்தால், அவ்வண்டியை ஒரு வளைவுகூட ஓட்டலாகாது. குழாய்களைக் கழுவி, ரப்பர் உறுப்புகளை மாற்றிய பின்னரே அது சாலைக்கு வரத்தக்கது.

நல்ல திரவம் இருக்கிறதே என்று இறக்கம் முழுதும் பிரேக்கிலேயே கால் வைத்திருப்பதும் ஏற்றதன்று. எந்தக் கியரில் ஏறினோமோ அந்தக் கியரில் இறங்குவது என்னும் பழைய ஓட்டுநர் வழக்கம் அறிவுக்கு உகந்தது. எஞ்சின் தாங்கும் பாரம் பிரேக்குக்குக் குறையும்.

ஓட்டுநராகவும் தோட்டத் தொழிலாளராகவும் பிற மாநிலத்தில் உழைத்து வாழும் அன்பர்களுக்கு ஒன்று சொல்வோம். வண்டி வேறொருவருடையதாக இருக்கலாம். அதில் ஏறும் உயிர் நம்முடையது. பிரேக் திரவம் மாற்றி எத்தனை நாள் ஆயிற்று என்று ஓட்டுநரை வினவுவதில் கூச்சம் வேண்டா. நல்ல ஓட்டுநர் அதற்குச் சினங்கொள்ளமாட்டார். பதில் தெரியவில்லை என்றால், அடுத்த இறக்கத்துக்கு முன் பட்டறைக்குச் செல்லவேண்டும் என்பதே அதன் பொருள்.