இலைக்குச் சோதனை உண்டு, தொழிலாளிக்கு?

(கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கீரையைக் கழுவிச் சமைக்கிறோம். தேயிலையையோ கழுவாமல் வெந்நீரில் போடுகிறோம். இலையில் தங்கிய நஞ்சில் ஒரு பங்கு கோப்பையில் இறங்கிவிடும். ஆகவேதான் 1983ஆம் ஆண்டு உணவுச் சட்டத்தின் கீழ் நஞ்சு எச்சத்துக்கு வரம்பு உண்டு. மருந்தடித்தபின் எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்ற கணக்கும் உண்டு. அதை மீறினால் குடிப்பவருக்குக் கேடு. சரக்கு திரும்பினால் முதலாளிக்கு நஷ்டம். நஷ்டம் வந்தால் நமது வேலைக்கே ஆபத்து. ஒரு விதி, மூவருக்கும் காவல்!

ஆனால் தோழர்களே, ஆய்வுக்கூடம் சோதிப்பது இலையைத்தான். மருந்தடித்தவளின் நெஞ்சை அது சோதிப்பதில்லை. சரக்கு தேறிவிடும், தொழிலாளி தேறுவாளா?

பாராகுவாட்டை எண்ணிப் பாருங்கள். ரப்பர், செம்பனைத் தோட்டங்களில் நம் பெண்கள் முதுகில் சுமந்து புல்லுக்கு அடித்த விஷம் அது. பம்பு கசிந்தால் காயம்பட்ட தோல் வழியே உள்ளே போகும், நுரையீரலைக் கெடுக்கும், அதற்கு முறிவு மருந்தே இல்லை. 2002இல் அதை நிறுத்த அரசாங்கம் முடிவு செய்தது. 2006இல் அத்தடை தளர்ந்தது. மறு ஆண்டே ஐரோப்பிய நீதிமன்றம் அங்கே அதன் அனுமதியை ரத்துச் செய்தது. இங்கே முழுத் தடை வந்ததோ 2020 ஜனவரி 1இல்தான்! தெனாகானித்தா போன்ற அமைப்புகள் ஓயாமல் குரல் கொடுத்தும் இத்தனை தாமதம்.

இன்று சட்டம் நம் பக்கம் நிற்கிறது. 1994ஆம் ஆண்டுத் தொழில் பாதுகாப்புச் சட்டப்படி கையுறைக்கும் முகமூடிக்கும் நம் கூலியில் காசு பிடிக்கக் கூடாது. 2024 ஜூன் முதல் நடப்பில் உள்ள திருத்தப்படி, உயிருக்கு உடனடி ஆபத்து என்று நியாயமாக நம்பினால், முதலாளி அதை நீக்காதபோது விலகி நிற்கலாம். அதற்காகத் தண்டிக்க முடியாது.

கிராணிமார்களே, மருந்தடித்த தேதியை உள்ளபடி எழுதுங்கள். உங்கள் பேனா பொய் சொன்னால் கோப்பையும் கெடும், கொழுந்து பறிக்கும் கையும் கெடும். நம்மோடு உழைக்கும் வங்காளதேச, நேப்பாளத் தோழர்களுக்கும் எச்சரிக்கைச் சீட்டில் உள்ளதைப் புரியும்படி சொல்லுங்கள்.

மருந்து என்று சொல்லிப் பழகிவிட்டோம். அது நஞ்சு என்பதை மறவாதீர்கள். இலையைக் காக்கும் சட்டம் ஆளையும் காக்கும்வரை சங்கம் ஓயாது.