தகடு ஓர் ஊர், ஓட்டம் வேறு ஊர்

நம் ஊரில் டாக்சிக்கு அனுமதி தருவது மாநில அரசின் போக்குவரத்துத் துறை. இங்கிலாந்தில், லண்டனைத் தவிர்த்த மற்ற இடங்களில், அது உள்ளூர் கவுன்சிலின் வேலை. குப்பை அள்ளும் அதே கவுன்சில்தான் டாக்சியின் பிரேக்கையும் ஓட்டுநரின் குற்றப் பின்னணியையும் பார்க்கிறது. குதிரை வண்டிக் காலத்து 1847ஆம் ஆண்டுச் சட்டமும் 1976ஆம் ஆண்டுச் சட்டமும் இதற்கு அடிப்படை. கை காட்டினால் நிற்கும் டாக்சி ஒரு வகை. முன்பதிவு செய்தால் மட்டுமே வரும் வாடகைக் கார் இன்னொரு வகை. இந்த இரண்டாம் வகையில் பதிவை ஏற்கும் நிறுவனம், வண்டி, ஓட்டுநர் என மூன்றுக்கும் ஒரே கவுன்சிலின் உரிமம் வேண்டும். ஆனால் அந்தக் கவுன்சிலின் எல்லைக்குள்தான் வண்டி ஓட வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. அதனால்தான் மான்செஸ்டர் தெருக்களில் ஓடும் ஏராளமான கார்களின் பின்புறத்தில், சாலை வழியாக நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் வுல்வர்ஹாம்ப்டன் கவுன்சிலின் உரிமத் தகடு இருக்கிறது. இது சரியல்ல, மாற்றப்பட வேண்டும் என்பதே என் வாதம். பயணி எந்த ஊரில் வண்டி ஏறுகிறாரோ, அந்த ஊருக்கு அந்த வண்டி பதில் சொல்ல வேண்டும்.

இதை வெறும் நிர்வாகச் சிக்கல் என்று ஒதுக்க முடியாது. ராதர்ஹாம் நகரில் 1997 முதல் 2013 வரை ஏறத்தாழ 1,400 சிறார்கள் பாலியல் சுரண்டலுக்கு ஆளானார்கள் என்று 2014இல் பேராசிரியர் அலெக்சிஸ் ஜேயின் அறிக்கை மதிப்பிட்டது. அந்தக் கொடுமையில் சில டாக்சி ஓட்டுநர்களுக்கு இருந்த பங்கையும் அது பதிவு செய்தது. அடுத்த ஆண்டு லூயிஸ் கேசி நடத்திய ஆய்வு, அந்தக் கவுன்சில் டாக்சி உரிமப் பொறுப்பில் தவறியதை வெளிக்கொணர்ந்தது. பின்னர் ராதர்ஹாம் தன் விதிகளைக் கடுமையாக்கியது. வண்டிக்குள் கேமராவைக் கட்டாயமாக்கியது. ஆனால் வேறு கவுன்சிலின் உரிமத்தோடு அங்கே வந்து ஓட்டுபவரை அந்த விதி கட்டுப்படுத்தாது. பட்டுத் தெளிந்த ஓர் ஊர் கட்டிய வேலியை, பக்கத்து ஊரின் தகடு ஒன்றால் தாண்டிவிடலாம். 2025 ஜூனில் அதே கேசி நாடு தழுவிய தணிக்கை அறிக்கையில் 12 பரிந்துரைகளை முன்வைத்தார். வெளியூர் உரிமத்தில் ஓடும் இந்த வழக்கத்துக்கு முடிவு கட்ட வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. அரசு பன்னிரண்டையும் ஏற்றது.

இந்த ஓட்டை எப்படி விழுந்தது? ஸ்காட்லாந்து எல்லையோரச் சிற்றூர் பெர்விக். அந்த ஊர் உரிமம் தந்த டாக்சிகள் சுமார் 100 கிலோமீட்டர் தள்ளியுள்ள நியூகாசிலில் ஓடின. நியூகாசில் கவுன்சில் வழக்குத் தொடுத்தது. வண்டி எங்கே ஓடப்போகிறது என்பதைப் பார்த்து உரிமத்தை மறுக்கலாம் என்று 2008இல் உயர் நீதிமன்றம் சொன்னது. ஆனால் அது கை காட்டி நிறுத்தும் டாக்சிக்கு மட்டும். முன்பதிவுக் கார் ஓட்டுநருக்கும் அதே நிபந்தனையை நோஸ்லி கவுன்சில் விதித்தபோது, சட்டம் இடம் தரவில்லை என்று 2018இல் தீர்ப்பு வந்தது. இதற்கிடையே 2014இல் சட்ட ஆணையம் ஒரு முழுத் திட்டத்தையே வகுத்துக் கொடுத்திருந்தது. முன்பதிவுக் கார்கள் எல்லை தாண்டித் தாராளமாக ஓடட்டும். ஆனால் நாடு முழுக்க ஒரே தரம் வேண்டும். எந்த ஊர் வண்டியானாலும் அது நிற்கும் ஊரின் அதிகாரிக்கு அதன்மீது அதிகாரம் வேண்டும் என்றது. 2015இல் நடைமுறைக்கு வந்த கட்டுப்பாட்டுத் தளர்வுச் சட்டமோ, ஒரு நிறுவனம் தனக்கு வந்த பதிவை வெளியூர் நிறுவனத்துக்குக் கைமாற்றிவிட வழி திறந்தது. தரத்தையும் அதிகாரத்தையும் விட்டுவிட்டது. கடிவாளத்தைக் கழற்றிவிட்டுக் குதிரையை மட்டும் ஓட்டிக்கொண்டு போன கதை இது.

விளைவைப் பாருங்கள். உரிமம் தந்த கவுன்சில் வண்டியை ஆண்டுக்கு மூன்று முறை வரை சோதனைக்கு அழைக்கலாம். பழுதென்றால் உரிமத்தை நிறுத்தி வைக்கலாம். வெளியூர்த் தகடு மாட்டிய வண்டியின் டயர் தேய்ந்து வழவழத்துப் போயிருப்பதை மான்செஸ்டர் அதிகாரி தன் கண்ணாலேயே பார்த்தாலும், அந்த உரிமத்தில் அவர் கை வைக்க முடியாது. ஓட்டுநர்மீது பாதுகாப்பு குறித்த கவலை எழுந்தால், 2022ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் தந்த கவுன்சிலுக்கு 10 வேலை நாட்களுக்குள் எழுத வேண்டும். அவர்கள் 20 வேலை நாட்களுக்குள் பதில் தர வேண்டும். அதுவரை அந்த ஓட்டுநர் பயணிகளை ஏற்றிக்கொண்டே இருக்கலாம்.

வுல்வர்ஹாம்ப்டன் ஒன்றும் கண்ணை மூடிக்கொண்டு உரிமம் தரவில்லையே என்று கேட்கலாம். உண்மைதான். ஓட்டுநர்களின் குற்றப் பதிவுகளை அந்தக் கவுன்சில் அன்றாடம் சரிபார்க்கிறது. தன் அதிகாரிகளை வெளியூர்களுக்கும் அனுப்புகிறது. அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஓட்டுநர் செலுத்தும் கட்டணம், சட்டப்படி, உரிமம் வழங்கும் செலவோடு கண்காணிப்புச் செலவுக்குமானது. பணம் ஓர் ஊருக்கும் கண்காணிக்க வேண்டிய வண்டிகள் இன்னோர் ஊருக்கும் போனால், இரண்டாவது ஊர் எதை வைத்து அதிகாரிகளை அமர்த்தும்? நாடு முழுக்கக் குறைந்தபட்சத் தரம் வந்தால் போதாதா என்பார்கள். தரம் கட்டாயம் வேண்டும். ஆனால் வாங்கும்போது நல்ல நிலையில் இருந்த வண்டிதான் ஓடி ஓடித் தேய்கிறது. அது தேயும் ஊரில் பார்க்க ஆள் வேண்டும். அப்படியானால் லீட்சில் ஏறியவரை பிராட்ஃபோர்டு எல்லையில் இறக்கிவிடுவதா என்றால், தேவையில்லை. அரசு அமைத்த பணிக்குழுவே 2018இல் இதற்கு விடை சொன்னது: பயணத்தின் தொடக்கமோ முடிவோ, இரண்டில் ஒன்று உரிமம் தந்த ஊருக்குள் இருந்தால் போதும்.

நான் முக்கியமாகக் கருதும் மறுப்பு ஓட்டுநர்களுடையது. சொந்த ஊரில் கட்டணம் கூடுதல், விண்ணப்பம் மாதக்கணக்கில் கிடக்கிறது. குடும்பத்தைக் காப்பாற்ற வேண்டியவர் விரைவாகத் தரும் ஊருக்குப் போகாமல் என்ன செய்வார்? இதில் குற்றம் ஓட்டுநருடையதல்ல. அதனால் எல்லை விதியைக் கொண்டுவரும் அதே சட்டம், விண்ணப்பத்தை முடிக்கக் கவுன்சில்களுக்குக் கெடுவும் விதிக்க வேண்டும். ஓட்டுநர் உரிமத்தின் வழக்கமான ஆயுள் மூன்று ஆண்டுகள். இப்போது கையில் உள்ள உரிமங்கள் அந்தக் காலம் முடியும்வரை செல்லட்டும். புதுப்பிக்கும்போது, அவர் நாள்தோறும் பயணிகளை ஏற்றும் ஊரின் கவுன்சிலில் புதுப்பிக்கட்டும்.