குறைந்த செலவில் நிறைந்த உணவு

(நம் சங்கத்தின் திங்கட் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இத்திங்கட் கூட்டத்திற் பேசுமாறு சங்கத்தார் எம்மைப் பணித்தபொழுது, இலக்கியப் பொருள் ஒன்றனையே யாம் எடுத்துக்கொள்வோம் எனப் பலரும் எதிர்பார்த்திருத்தல் கூடும். தமிழ் கற்பிப்பதே எம் தொழிலாதலின் அஃது இயல்பே. ஆயினும், அரிசி, பருப்பு, கீரை என்னும் இவற்றைப் பற்றிப் பேசவே யாம் இன்று துணிந்தோம். என்னை? முற்பகல் பதினொரு மணிக்கே தலை சாய்ந்து, கண் வெளிறி, விரல்நகம் வெளுத்திருக்கும் மாணாக்கனுக்கு எத்துணைச் சிறந்த பாட்டை எடுத்துரைப்பினும் அது செவியளவில் நின்றுவிடுகின்றது. உடம்பு நன்னிலையில் இருந்தாலன்றிக் கல்வியும் இல்லை, தொழிலும் இல்லை, குல முன்னேற்றமும் இல்லை. ஆதலின், குறைந்த வருவாயுடைய ஓர் இல்லம் தன் கைப்பொருளைக் கொண்டே உடம்புக்கு வேண்டுவனவற்றைப் பெறுவது எங்ஙனம் என்பதே யாம் இன்று ஆராயப் புகுந்த பொருளாகும்.

முதற்கண் நம் நாட்டு நிலையைச் சிறிது நோக்குவோம். தமிழ்நாட்டில் அரிசி பெறும் குடும்ப அட்டையுடையார்க்கு 2011ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் தொட்டு நியாயவிலைக் கடையில் அரிசி விலையின்றி வழங்கப்பட்டு வருகின்றது. பள்ளிச் சிறார்க்கு நண்பகலிற் சத்துணவு உண்டு. 2022ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் தொடங்கிய திட்டத்தால் தொடக்கப் பள்ளிக் குழந்தைகட்குக் காலையுணவும் உண்டு. ஆகவே, சோறில்லாமையால் அடுப்பு எரியாத இல்லங்கள் முன்போல் மிகுதியாக இல்லை. அங்ஙனமிருந்தும், 2019 முதல் 2021 வரை நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்டிருள் நூற்றுக்கு 53 பேரும், ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தைகளுள் நூற்றுக்கு 57 பேரும் இரத்தசோகை உடையர் எனத் தெரிவிக்கின்றது. குடற்புழு முதலிய பிற காரணங்களும் இதற்கு உண்டு. ஆயினும், சோற்றோடு சேரவேண்டியவை சேராமையே தலைமையான காரணங்களுள் ஒன்றாகும். வயிறு நிறைந்தது, உடம்பு நிறையவில்லை.

சேரவேண்டியவை ஏன் சேரவில்லை? பணமில்லாமை ஒரு காரணம் என்பதை யாம் மறுக்கமாட்டோம். ஆயின், பணத்தோடு நாணமும் ஒரு காரணம் என்று யாம் துணிந்து கூறுவோம். சங்க நூலாகிய சிறுபாணாற்றுப்படையில் நல்லூர் நத்தத்தனார் ஒரு வறிய இல்லத்தை நம் கண்முன் நிறுத்துகின்றார். அவ்வில்லத்துப் பெண், குப்பையிலே முளைத்த கீரையைக் கிள்ளி வந்து, உப்பும் இன்றி வேகவைத்து, புறங்கூறுவார் கண்ணிற் படாமைப்பொருட்டுக் கதவை அடைத்துக்கொண்டு, சுற்றத்தோடு அமர்ந்து உண்கின்றாள். அவ்வறுமை இரங்கத்தக்கது. ஆனால், அவள் அடைத்த கதவை நாம் இன்னும் திறந்தபாடில்லை. கேழ்வரகுக் களி செய்தால் விருந்தினர் வரும்போது மூடி வைக்கின்றோம். முருங்கைக்கீரையைச் செலவில்லாத கறி என்று இகழ்கின்றோம். நியாயவிலைக் கடைப் புழுங்கலரிசியைக் குறைந்த விலைக்குத் தள்ளிவிட்டு, மல்லிகை போல் வெளுத்த மெல்லரிசியை மிகுந்த விலைக்கு வாங்குகின்றோம். விலை குறைந்தது தரத்தினும் குறைந்தது என்னும் எண்ணம் நம் உள்ளத்தில் வேரூன்றிக் கிடக்கின்றது. உணவைப் பொறுத்தமட்டில் அவ்வெண்ணம் பெரும்பாலும் பொய்யாதலைக் காட்டுவோம்.

நம் நாட்டு உணவாராய்ச்சியில் நீலகிரியிலுள்ள குன்னூர்க்குச் சிறப்பிடம் உண்டு. 1918ஆம் ஆண்டு இராபர்ட் மக்காரிசன் என்னும் மருத்துவர், பெரிபெரி என்னும் நோயின் காரணத்தை ஆராய்தற்பொருட்டு ஆண்டுச் சிறியதோர் ஆய்வகம் அமைத்தார். அதுவே வளர்ந்து, 1958ஆம் ஆண்டில் ஐதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகின்றது. மக்காரிசன், நம் நாட்டின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவுகளை எலிகட்குத் தனித்தனியே ஊட்டிப் பார்த்தார். கோதுமை ரொட்டியும் பாலும் பருப்பும் காய்கறியும் கலந்த உணவை உண்டவை செழித்து வளர்ந்தன. சோறு மிகுந்து, பாலும் காய்கறியும் அருகிய உணவை உண்டவை மெலிந்தன. அவர்க்குப்பின் 1935ஆம் ஆண்டில் அவ்வாய்வகத்தின் தலைமையேற்ற அய்க்ராய்டு என்பார், 1937ஆம் ஆண்டில் இந்திய உணவுப் பொருள்களின் சத்துக்களை அட்டவணைப்படுத்தி, நல்லுணவைத் திட்டமிடும் வகையையும் கூறும் நூல் ஒன்றை வெளியிட்டார்.

சோறு தீயது என்பது இவ்வாராய்ச்சியின் முடிபன்று. சோறு மட்டுமே போதாது என்பதே முடிபு. மேலும், நெல்லை அவித்துப் புழுக்கும்போது தவிட்டிலுள்ள பி-1 என்னும் உயிர்ச்சத்தின் ஒரு பகுதி அரிசியின் உள்ளே சென்று தங்குகின்றது. ஆலையில் மிகத் தீட்டிய பச்சரிசியில் அது பெரிதும் ஒழிந்துபோகின்றது. ஆகவே நாம் இகழும் புழுங்கலரிசியே அம்மெல்லிய பச்சரிசியினும் மேம்பட்டது.

அத்தேசிய நிறுவனம் 2024ஆம் ஆண்டில் வெளியிட்ட உணவு நெறிகளில், ஒருவர்க்கு நாளொன்றுக்கு வேண்டும் அளவுகள் கூறப்பட்டுள்ளன. தானியம் 250 கிராம், பருப்பு வகை 85 கிராம், கீரை உட்படக் காய்கறி 400 கிராம், பழம் 100 கிராம், கடலை எள் முதலிய வித்துக்கள் 35 கிராம், எண்ணெய் நெய் 27 கிராம், பால் 300 மில்லி லிட்டர் என்பன அவை. இவற்றை நால்வர் உள்ள ஓர் இல்லத்தின் திங்கட் கணக்காக மாற்றிப் பாருங்கள். தானியம் 30 கிலோ. பருப்பு வகை 10 கிலோவிற்குச் சற்று மேல். முட்டையும் மீனும் உண்பார் பருப்பை ஓரளவு குறைத்துக்கொள்ளலாம். இனி, ஒவ்வொருவரும் இல்லம் சென்று தத்தம் மளிகைச் சிட்டையை எடுத்து நோக்குக. அரிசி அளவு ஏறக்குறைய ஒத்திருக்கும்; பருப்பு இரண்டு கிலோ, மூன்று கிலோ என்ற அளவில் நின்றுவிடுமாயின், குறை எங்குள்ளது என்பது வெளிப்படை.

பத்துக் கிலோ பருப்பு வாங்கப் பணம் எங்கே என்று வினவுவீர்கள். நல்ல வினாவே. அச்சிட்டையின் பிற்பகுதியையும் நோக்குக. பிஸ்கட்டு, வறுவற் பொட்டலம், பாட்டிலில் அடைத்த இனிப்பு நீர், பாலிற் கலக்கும் சத்துமாவுப் புட்டி என்பவை எத்துணை ரூபாயை விழுங்கியுள்ளன? பிள்ளை கையில் வாங்கித் தரும் பத்து ரூபாய்ப் பொட்டலத்தின் விலைக்குள் பெரும்பாலும் ஒரு முட்டை அடங்கும். முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதம் உண்டு. புட்டியில் விற்கும் மாவுகளுட் பலவற்றில் சர்க்கரை மிகுதி. கேழ்வரகு, பொட்டுக்கடலை, வேர்க்கடலை, பச்சைப்பயறு இவற்றை வறுத்துத் திரித்தால், அதனினும் நல்ல மாவு மிகக் குறைந்த செலவில் இல்லத்திலேயே கிடைக்கும்.

ஆகவே வாங்கும் முறையை மாற்றுக என்பதே யாம் வேண்டுவது. திங்கள் முதலிற் சம்பளம் வந்தவுடன் பருப்பும் கடலையும் முதலில் வாங்குக. நியாயவிலைக் கடையில் சிறப்புத் திட்டத்தின்கீழ்க் கிலோ 30 ரூபாய்க்கு வழங்கும் துவரம்பருப்பை ஒரு திங்களும் தவறவிடற்க. துவரை ஒன்றே பருப்பன்று. கொள்ளு, தட்டைப்பயறு, பச்சைப்பயறு, மொச்சை, கொண்டைக்கடலை இவற்றுள் அவ்வப்போது விலை குறைந்ததைத் தேர்க. இவையனைத்திலும் நூறு கிராமில் 20 கிராம் அளவிற் புரதம் உண்டு. அரிசியிற் குறைந்த புரதக்கூறு பருப்பில் மிகுதி; பருப்பிற் குறைந்தது அரிசியில் உண்டு. இட்டிலியும் பொங்கலும் அமைத்த நம் முன்னோர் இவ்விரண்டையும் ஒருங்கு சேர்த்தே வைத்தனர்.

அடுத்து, நாள்தோறும் ஒரு கீரை. முருங்கை, சிறுகீரை, தண்டுக்கீரை, அகத்தி எதுவாயினும் ஆகுக. கொல்லையில் ஒரு முழம் நிலம் உள்ளவர் முருங்கைக் கொம்பு ஒன்றை நட்டுவிட்டால் கீரைச் செலவு பெரிதும் ஒழியும். மூன்றாவதாக, கேழ்வரகும் கம்பும். நூறு கிராம் கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து ஏறத்தாழ 350 மில்லி கிராம். அரிசியிலோ 10 மில்லி கிராம் அளவே. பால் வேண்டிய அளவு வாங்க இயலாத இல்லத்திற்குக் கேழ்வரகும் கீரையும் மோரும் அக்குறையைப் பெரும்பாலும் நிரப்பும். மீன் உண்பார், பெரிய மீனை நாடாது நெத்திலி, மத்தி முதலிய சிறுமீனை வாங்குக. நெத்திலியை முள்ளோடு உண்பதால் சுண்ணாம்புச் சத்தும் கிடைக்கும். பழம் என்றால் ஆப்பிள் என்று கொள்ளற்க. கொய்யாவும் நெல்லிக்காயும் பப்பாளியும் வாழையும் பழமே.

வாங்கியதை இழவாமையும் சிக்கனமே. அரிசியைப் பலகாற் கழுவுதலும், வடித்த கஞ்சியைக் கொட்டுதலும், காயை அரிந்தபின் கழுவுதலும் நீரிற் கரையும் உயிர்ச்சத்துக்களைப் போக்கும். பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்புச் சத்து எளிதில் உடம்பிற் சேர்வதன்று. அவற்றோடு எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ சேர்ந்தால் மிகுதியாகச் சேரும். உணவோடும் உணவு முடிந்தவுடனும் தேநீர் பருகினால் அது அச்சேர்க்கையைத் தடுக்கும். ஒரு மணி நேரமாவது கழித்துப் பருகுக. இவற்றிற்கெல்லாம் ஒரு காசும் செலவில்லை. ஆனால் சோகை மிகுந்தார்க்கு மருத்துவர் தரும் இரும்பு மாத்திரையை உணவைக் காட்டி நிறுத்திவிடற்க; இரண்டும் வேண்டும்.

இனி யாம் கூறப்போவதே இன்றைய பேச்சின் உயிர். எல்லாம் வாங்கி, எல்லாம் சமைத்தாலும், பகிரும் முறை தவறினால் பயனில்லை. நம் இல்லங்களில் ஆடவரும் பிள்ளைகளும் உண்டபின், எஞ்சியதைத் தாயர் உண்கின்றனர். சோறு எஞ்சும், குழம்பில் உள்ள பருப்பும், பொரித்த முட்டையும், மீன் துண்டும் எஞ்சுவதில்லை. கீரைச் சட்டியைச் சோறிட்டுத் துடைத்து உண்டு அவர் எழுகின்றார். வீட்டில் விலை ஏறும்போதெல்லாம் முதலிற் குறைவது அவர் தட்டே. நூற்றுக்கு 53 என்று முன்னர்க் கூறிய எண் அங்கேதான் பிறக்கின்றது. திங்கள்தோறும் குருதி இழப்பவரும், கருவைச் சுமப்பவரும், பாலூட்டுபவரும் அவரே. ஆதலின் இரும்புச் சத்து ஆடவரினும் பெண்டிர்க்கே மிகுதியும் வேண்டும். அவர் தட்டிற் குறைத்த பருப்பு சிக்கனம் ஆகாது. அது பிறக்கும் குழந்தையின் எடையிலும், அக்குழந்தை பின்னர்ப் பள்ளியில் தலை சாய்ப்பதிலும் வட்டியோடு வந்து சேரும். ஆகவே, சமைத்தவுடன் எல்லார் பங்கையும், தாயின் பங்கு உட்பட, பிரித்து வைக்கும் வழக்கத்தை இல்லத் தலைவர்களே தொடங்கல் வேண்டும். எல்லாரும் ஒருங்கு அமர்ந்து உண்பது அதனினும் நன்று. இதனைத் தாயர் தாமே கேட்கமாட்டார். ஆதலின் பெரியோர்களே, உங்களை நோக்கியே இதனைக் கூறுகின்றோம்.

இன்னும் ஒன்று. ஒரு நாள் திருமண விருந்திலும் மஞ்சள் நீராட்டு விழாவிலும் இலை நிறைய இட்டுப் பாதியை எறிந்துவிட்டு, அக்கடனை அடைக்கும் ஆண்டு முழுதும் பருப்பில்லாச் சோறு உண்ணும் குடும்பங்கள் நம்மிடையே உள. அவ்விருந்தைப் புகழ்ந்தவர் எவரும் அப்பிற்பட்ட சோற்றைக் காண வருவதில்லை. விருந்திற் பண்டங்களின் தொகையைக் குறைக்கச் செல்வமுடையார் முன்வந்து வழிகாட்டினால், இல்லாதார் தாமே பின்பற்றுவர். அவர்க்கு நாணமும் நேராது.

ஈற்றில், சங்கத்தார் ஆராய்தற்பொருட்டு மூன்று செய்திகளை முன்வைக்கின்றோம். ஒன்று: அறுவடைக் காலத்தில் பயறு வகைகளை மூட்டையாக வாங்கி, வேண்டும் உறுப்பினர்க்கு வாங்கிய விலைக்கே பங்கிட்டுக் கொடுத்தல். இரண்டு: ஆண்டுவிழா விருந்தில் கேழ்வரகோ கம்போ கொண்டு செய்த பண்டம் ஒன்றையும் கீரையையும் தவறாது இலையில் இடுதல், தலைவர் இலையில் இட்டதை எவரும் இழிவென்னார். மூன்று: ஆண்டிற்கு ஒருமுறை மகளிர்க்குக் குருதிப் பரிசோதனை செய்ய அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தாரை வேண்டிக்கொள்ளுதல்.

திருவள்ளுவர் மருந்துக்கென ஓர் அதிகாரம் வகுத்தும், அதில் ஒரு மருந்தின் பெயரையும் கூறாது உணவின் அளவையே பெரிதும் வற்புறுத்தினார். அவர் கூறிய அளவு மிகாமையும் குறையாமையும் ஆகும். நம் இல்லங்களிற் சோறு மிகாமலும், பருப்பும் கீரையும் குறையாமலும், தாயின் தட்டு ஒழியாமலும் இருக்குமாறு பார்த்துக்கொள்வோமாக.