ஒரு வளவில் பல நாய்கள்

வன்னிப் பெருநிலத்திலே, கிளிநொச்சி மாவட்டத்துப் பூநகரிப் பிரிவில் அமைந்த ஊர் ஜெயபுரம். வயலும் காடும் ஒன்றையொன்று தொட்டு நிற்கும் இத்தகைய ஊர்களில் ஒரு நாய் காவலுக்குப் போதாது. காட்டுப்பன்றி கச்சானையும் மரவள்ளியையும் கிளறிவிடும்; யானை வேலியைப் பிரித்துத் தென்னம்பிள்ளையைப் பிடுங்கும். ஒரு நாய் உறங்கினாலும் மற்றொன்று விழித்திருக்கும் என்பது குடியானவர் கணக்கு. ஆயினும் மூன்று நான்கு நாய்கள் சேர்ந்துவிட்டால், அவ்வளவினுள் வேறொரு குடித்தனமும் தொடங்கிவிடுகிறது.

அக்குடித்தனத்தின் முதல் வழக்கு சோற்றுச் சட்டியில் எழுகிறது. எல்லாவற்றுக்கும் ஒரே பானைச் சோறு, ஒரே மீன்குழம்பின் மிச்சம்; எனினும் அடுத்ததன் சட்டியில் வாய்வைப்பதிலேதான் நாய்க்குச் சுவை. கிழநாய் மட்டும் தன் சட்டியைவிட்டு அசையாது. ஓர் உறுமலோடு காரியத்தை முடித்துக்கொள்ளும். இதைக் கண்டு, மூத்தது மன்னன், ஏனையவை குடிகள் என்று முடிவுகட்டுவோர் உண்டு. பாசல் நகர விலங்குக் காட்சிச்சாலையில் அடைபட்டிருந்த ஓநாய்களை ஆராய்ந்து ருடோல்ஃப் ஷெங்கல் 1947இல் எழுதியதிலிருந்து கிளைத்த எண்ணம் அது. காட்டில் வாழும் ஓநாய்க் கூட்டம் பெரும்பாலும் தாய், தந்தை, பிள்ளைகள் அடங்கிய குடும்பமே என்று டேவிட் மீச் 1999இல் விளக்கிய பின்னர் அவ்வெண்ணம் தளர்ந்தது. சட்டியை விட்டுக்கொடாத அதே கிழநாய், அடுப்படிச் சாம்பலின் இளஞ்சூட்டைக் குட்டிக்கு விட்டுக்கொடுப்பதைக் கண்டவர்களுக்கு இது புதுச்செய்தி அன்று.

குரைப்பின் கதை வேறு. ஒன்று குரைத்ததும் ஏனையவை காரணம் கேளாமலே படலைக்கு ஓடும். அங்கே யாரையும் காணாவிடின், எழுந்த சினத்தை வீணாக்க மனமின்றித் தம்முள் ஒன்றையொன்று கடித்துக்கொள்வதும் உண்டு. பாண் விற்கும் முச்சக்கர வண்டி பேத்தோவனின் பியானோ இசையை ஒலித்துக்கொண்டு வந்தால், கூட்டம் முழுவதும் வானைநோக்கி ஊளையிட்டு அம்மேதைக்குப் பக்கப்பாட்டுப் பாடும். வீட்டாரோ குரல்களைப் பிரித்தறியப் பழகிவிடுகின்றனர். அணிலுக்கெல்லாம் குரைக்கும் இளையதன் ஓசையில் அமைதியாக உறங்குபவர், கிழநாய் ஒருமுறை குரைத்தால் விளக்கோடு எழுந்துவிடுவார். யானையைச் சீண்டிவிட்டு வளர்த்தவரிடமே ஓடிவரும் நாயால் ஆபத்தும் உண்டு என்பதை அவர் அறிவார்.

2008இல் போர் நெருங்கியபோது பூநகரிப் பகுதி மக்கள் கிழக்கு நோக்கி இடம்பெயர்ந்தனர். உயிரையும் கைக்கெட்டியதையும் கொண்டு போனவர்களால் வளவு நாய்களையெல்லாம் கூட்டிச்செல்வது எங்ஙனம்? 2009 மே மாதத்தில் போர் முடிந்து, பின்னர் ஊர் மீண்டவர்கள் வீட்டையும் வேலியையும் எழுப்பியதுபோலவே, காவலையும் ஒரு குட்டியிலிருந்து மறுபடி தொடங்கவேண்டியிருந்தது.

பல நாய்களுள்ள வீட்டில் பெரும்பாலும் ஒன்று பிடிபடாத கள்ளனாக இருக்கும். ஏனையவற்றுக்கு விசர்நாய்க்கடித் தடுப்பூசி போட்டுவிட்டு அதனை விட்டுவிடுவர். ஆனால் காட்டுக்குள் மிகுதியாக அலைவதும், நரியிடமோ கீரியிடமோ கடிபடக்கூடியதும் அந்தக் கள்ளனே. இரவில் அது குட்டியோடும் குழந்தையோடும் ஒரே முற்றத்தில் படுக்கிறது. லூயி பாஸ்டர் 1885 ஜூலை 6ஆம் நாள் ஒரு சிறுவனுக்கு முதன்முதலாகத் தடுப்பு மருந்து ஏற்றினார். ஆயினும் நோய்க்குறி தோன்றிய பின்னர் மனிதரைக் காப்பது இன்றும் ஏறக்குறைய இயலாத காரியமே. கடிபட்டால், புண்ணைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். இலங்கையில் நாய்களுக்கு இவ்வூசியை அரசு இலவசமாகவே போடுகிறது. ஆண்டுதோறும் போடுவித்தல் வேண்டும். ஊசிக்கு முன்னிரவே, சோறு வைக்கும் வேளையில் கள்ளனைக் கட்டிவிடுவது நன்று. விடியும்வரை அது ஊளையிடும். ஏனைய மூன்றும் கட்டின்றியே கூட இருந்து ஊளையிடும்.