மண் சுவரில் வைக்கோல், பிளாஸ்டிக்கில் கண்ணாடி

(முன்னாள் மாணவர் சங்கத்தின் மறுசந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)



"தொழில்ல நீ கத்துக்கிட்டதைப் பத்து நிமிஷம் சொல்லுடா, போதும்" என்றார் நம் செயலாளர். கற்றுக்கொண்டது ஒரு தப்பிலிருந்துதான். அதையே சொல்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர் மண்டகப்பட்டு. 7ஆம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்த குகைக்கோயில் அங்கே இருப்பது உங்களில் பலருக்குத் தெரியும். செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாமல் பிரமன், ஈசன், திருமால் மூவருக்கும் எழுப்பியது என்று அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு சொல்கிறது. சின்ன வயசில் அந்தத் தூண்களைச் சுற்றி ஓடிப் பிடித்து விளையாடுவோம். "ஏன் இவ்வளவு தடியாக, இவ்வளவு நெருக்கமாக?" என்று அப்போது தோன்றவில்லை. கல் அமுக்கினால் தாங்கும். இழுத்தால் சீக்கிரம் விட்டுவிடும். குடைந்தவனுக்குக் கல்லின் பலமும் தெரியும், பலவீனமும் தெரியும்.

எங்கள் வீட்டு மண் சுவரில் தாத்தா வைக்கோல் கலந்து மிதிப்பார். வெடிப்பு ஓடாமல் வைக்கோல் பிடித்துக்கொள்ளும். என் தொழிலும் அதுவேதான். மண்ணுக்குப் பதில் பிளாஸ்டிக், வைக்கோலுக்குப் பதில் கண்ணாடி இழை.

நான் முதலில் வேலைக்குச் சேர்ந்தது கோவைப் பக்கம், சப்மெர்சிபிள் பம்புக்கு இம்பெல்லர் வார்க்கும் ஒரு சிறு தொழிற்சாலை. பெயர் வேண்டாம். தரக்கட்டுப்பாடு என் பொறுப்பு. நைலானில் நூற்றுக்கு முப்பது பங்கு எடைக்குக் கண்ணாடி இழை சேர்த்தால் இழுவிசைத் தாங்குதிறன் ஏறக்குறைய 80 மெகாபாஸ்கலிலிருந்து 180 வரை ஏறும். ஆனால் நைலான் தண்ணீர் குடித்து ஊதும், இளகும். அதனால் போர்வெல்லுக்குள் போகும் இம்பெல்லருக்குத் தண்ணீர் அதிகம் குடிக்காத நோரில் மாதிரியான பிளாஸ்டிக்கில் கண்ணாடி இழை கலந்து வார்ப்பார்கள். சோதனைப் பட்டையை வார்த்து இழுத்துப் பார்ப்பேன். எண் அட்டவணையோடு ஒத்துப்போகும். கையெழுத்துப் போடுவேன்.

ஒருநாள் நம்ம பக்கத்து விவசாயி ஒருவர் மஞ்சள் பையோடு வந்தார். பையில் ஏழெட்டு இம்பெல்லர், எல்லாமே நடுத்துளை ஓரத்தில் விரிசல். ஷாப்ட் சுற்றியிருக்கிறது, இம்பெல்லர் சுற்றவில்லை. மல்லாட்டை காய் பிடிக்கிற சமயம், பத்து நாள் தண்ணீர் இல்லை. அவர் கோபப்படவில்லை. "கண்ணாடி கலந்திருக்குன்னு சொல்றீங்களே தம்பி, கண்ணாடின்னா உடையத்தானே செய்யும்?" என்றார்.

அந்தக் கேள்விக்கு அன்றைக்கு எனக்குச் சரியாகப் பதில் சொல்லத் தெரியவில்லை. இன்றைக்குச் சொல்வேன்: "இல்லீங்க ஐயா, மெல்லிய இழையாக இழுத்த கண்ணாடி கெட்டி." இழை மெலிய மெலிய அதன் பலம் கூடுகிறது என்பதை 1921இல் வெளியான கட்டுரையில் கிரிஃபித் காட்டினார். மேற்பரப்பில் இருக்கும் நுண்ணிய கீறல்கள்தான் கண்ணாடியின் எதிரி. மெல்லிய இழையில் பெரிய கீறலுக்கு இடமில்லை. ஆக, உடைந்ததற்குக் காரணம் கண்ணாடி இருந்ததல்ல. வேண்டிய இடத்தில் குறுக்கே இல்லாமல் போனது.

எப்படி என்றால், உருகிய பிளாஸ்டிக் அச்சுக்குள் ஓடும்போது இழைகளும் பெரும்பாலும் ஓட்டத்தின் போக்கில் படுத்துக்கொள்ளும். சோதனைப் பட்டையில் ஓட்டமும் இழுப்பும் ஒரே திசை. எண் நன்றாகத்தான் வரும். இம்பெல்லரில் பக்கவாட்டு கேட் வழியாக உள்ளே வந்த ஓட்டம் நடுத்துளையின் பின்னைச் சுற்றி இரண்டாகப் பிரிந்து மறுபக்கம் சேர்கிறது. சேர்கிற அந்த வெல்டு லைனில் இழைகள் கோட்டைத் தாண்டிப் போவதில்லை, கோட்டோடு படுத்துவிடுகின்றன. அங்கே பலம் பாதியாகக்கூட இறங்கும். அறுகோணத் துளையின் கூர்மூலை அந்த இடத்திலேயே அமைந்தால் விரிசலுக்கு வேறு என்ன வேண்டும்?

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. ரன்னர் கழிவை அரைத்துத் திரும்பக் கலப்போம். ஒவ்வொரு தடவை அரைக்கும்போதும் இழை குட்டையாகும். குட்டை இழை பிளாஸ்டிக்கைப் பிடித்து நிற்காது, உருவிக்கொண்டு வந்துவிடும். எவ்வளவு கலந்தார்கள் என்று நான் கேட்கவில்லை. பட்டையை மட்டும் புது மூலப்பொருளில் வார்த்தோம்.

பிறகு ஓட்டம் துளையைச் சுற்றி ஒரே சீராகப் பரவும்படி கேட்டை நடுவுக்கு மாற்றினோம். மூலையை உருட்டினோம். அரைத்த மாலுக்கு அளவு வைத்தோம். பட்டையோடு நிற்காமல், வார்த்த இம்பெல்லரையே ஷாப்டில் மாட்டி முறுக்கி உடைத்துப் பார்க்க ஆரம்பித்தோம். அதன்பின் அந்த விரிசல் வரவில்லை. அவருக்குப் புது செட் கொடுத்தோம். காய்ந்துபோன மல்லாட்டைக்கு எதைக் கொடுப்பது?

தம்பி தங்கைகளே, அட்டவணையில் இருக்கும் எண் பட்டையின் எண். உங்கள் பொருளின் எண் அல்ல. "இந்தச் சாம்பிளை எங்கிருந்து வெட்டினீங்க, எந்த மாலில் வார்த்தீங்க?" என்று கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். நம்ம மெட்டீரியல்ஸ் லேபில் உடைந்த பொருள்களுக்கென்று ஓர் அலமாரி வேண்டும். நாம் ஒவ்வொருவரும் நம் கையில் உடைந்த ஒன்றை, காரணத்தை எழுதி ஒட்டி, அதில் வைப்போம். அந்த மஞ்சள் பை இம்பெல்லர் ஒன்றை இன்றைக்குக் கொண்டுவந்திருக்கிறேன். முதல் பொருளாக ஏற்றுக்கொள்ள வேண்டுகிறேன்.